கடிவாளமும் மூக்கணாங்கயிறும்

கட்டுப்பாட்டைக் குறிக்க ஆங்கிலத்திலே வழங்கும் மரபுத்தொடர்கள் பல. அவற்றுள் 'ரைற் றெயின்' என்பது எளிதாகத் தோன்றிப் பிழைபட ஆளப்படுவது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் 'இறுகிய கடிவாள வார்' என்றாகும். ஒருவரையோ ஒரு செயலையோ இவ்வாரினாற் பிடித்திருத்தல் என்றால், கண்காணிப்புத் தளராது கட்டுக்குள் வைத்திருத்தல் என்பது கருத்து. செலவு, சினம், அலுவலர், மாணாக்கர் என இதற்கு ஆட்படுவன பல.

தொடரின் உயிர் வாயிலிடும் இரும்பில் அன்று, கையிலுள்ள வாரிலே உளது. இரும்பு மாறாது கிடக்கும்; வாரோ குதிரையூர்பவன் கருத்துக்கியையக் கணந்தோறும் இறுகும், நெகிழும். ஆதலாலேதான் இதற்கு மறுதலையாகிய 'ஃப்ரீ றெயின்' என்பதும் அம்மொழியில் உண்டு. வாரைத் தளர்த்தி விருப்பப்படி செல்லவிடுதல் அதன் பொருள். பொறுப்பேற்றலை வாரைக் கையேற்றல் என்பர். இரும்புக்கரங் கொண்டு ஆளுதல் என்னுந் தொடருக்கு இந்நெகிழ்ச்சி இல்லை. அது பெரும்பாலும் கொடுமையையே உணர்த்தும். நம் தொடரோ பழிப்பாகவும் வரும், பாராட்டாகவும் வரும். பொதுப்பணச் செலவில் வாரை இறுகப் பிடித்த அமைச்சரைப் பத்திரிகைகள் புகழ்வதுண்டு.

மாணவர் ஒன்று கவனித்தல் வேண்டும். ஆட்சி எனப் பொருள்படும் வேறொரு சொல்லும் இதே ஒலியுடையது. அதன் எழுத்துக்களில் 'ஜீ' ஒன்று மிகும். இரண்டும் இலத்தீனிலிருந்து பிரெஞ்சுவழி வந்தனவாயினும் வேர் வேறு. முன்னது பிடித்து நிறுத்துதலையும் பின்னது அரசையுங் குறிக்கும் சொற்களிற் பிறந்தவை. பொருளும் அண்மித்திருத்தலால், ஆங்கிலேயரே ஒன்றுக்கு மற்றதை எழுதிவிடுகின்றனர்!

தமிழர்க்கு இவ்வுவமை புதிதன்று. கடோபநிடதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாள வாராகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கின்றது. வள்ளுவர் 'நீத்தார் பெருமை'யில் ஐம்பொறிகளை அடக்கும் உறுதியைத் தோட்டியாக்கினார். அது யானையை அடக்குங் கருவி. ஆயின் இலங்கையிலே குதிரை என்றால் நெடுந்தீவு நினைவுக்கு வருமேயன்றி மட்டக்களப்பு வராது. வாவியின் மேற்கே படுவான்கரை வயல்களில் மனிதன் பழகியது எருதும் எருமையும். அவன் அறிந்தது மூக்கணாங்கயிறு. அது ஒருமுறை குத்திக் கோத்தால் கோத்ததுதான். அடங்காத இளைஞனுக்கு மணமுடித்தலைக் கால்கட்டு என்று நாம் நகையாடுவதிலும் அவிழாமையே குறிப்பு. இறுகி நெகிழும் வாரின் பொருளை இவை தாரா.

ஆனால் அப்பொருளுக்குரிய செயல் இங்கே இருந்தது. மட்டக்களப்பிலே வயற்பரப்பு வட்டை எனப்படும். அதனை மேற்பார்த்தவர் வட்டை விதானை. வேலியடைப்பு, கால்நடைத் தடுப்பு, முறைப்படி நீர்விடல் என்பன அவர் பொறுப்பு. விளைவில் ஒரு பங்கு நெல் அவர் ஊதியம். பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்குச் சட்டவலு அளிக்க 1856இல் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. விதைப்புக்கு முன் மாடுகள் வயலை விட்டு அகலவேண்டும்; பெரும்போகத்தில் அவற்றை மயிலத்தமடு, மாதவணை முதலிய மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டுசெல்வர். ஒருவன் வேலி பழுதாயின் அயலவன் பயிரும் அழியுமாதலின், அப்போது பிடி இறுகியே தீரும். அறுவடை முடிந்தபின் அதே வயலில் மாடுகள் தாளை மேய்ந்து திரியும், தடுப்பாரிலர். இறுக்கமும் தளர்வும் பருவத்தால் அமைந்தன. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. பெயர்மட்டும் ஊரார் நாவில் நிலைத்துவிட்டது.

இனி, மொழிபெயர்ப்பவர் என் செய்வது? 'செலவுக்கு இறுகிய கடிவாளம் வைத்தார்' என்று எழுதுவோர் உளர். அது ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழெழுத்து உடுத்தியதேயாம். 'பிடி' என்னும் நம் சிறுசொல்லே இவ்விடத்துப் போதும். பிடியை இறுக்கினார், பிடி தளர்ந்தது, பிடியை விட்டார் என வாரின் மூன்று நிலைகளும் அதில் அடங்கும். பணமாயின் 'கையை இறுக்கிச் செலவிட்டார்' என்க. சினமாயின் 'அடக்கிக்கொண்டார்' என்பதற்குமேல் ஒன்றும் வேண்டா.