மருமகன் கேட்ட கணிப்பொறி

நம் சங்க இதழில் இதுகாறும் சாதிச் சான்றிதழ் பெறுவது குறித்தும், தமிழ்வழிப் பள்ளிகளின் நிலை குறித்தும், லயங்களின் கூரை ஒழுகுவது குறித்தும் அன்பர்கள் எழுதி வந்திருக்கின்றனர். இம்மாதம் நாம் விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறியை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த கதையை எழுதப் புகுவது கண்டு பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனினும் கொழிஞ்சாம்பாறை முதல் வண்டிப்பெரியாறு வரையில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையுள்ள வீடுகளில் இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. காசும் நம்முடையது, பிள்ளையும் நம்முடையவன். ஆதலால் அறிந்ததைச் சொல்லி வைப்பதில் தவறில்லை. நாம் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்ததில்லை. பாலக்காட்டில் ரயில்வே பார்சல் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுகிறோம். பட்டுத் தெளிந்ததைத்தான் எழுதுகிறோம்.

2025-ஆம் ஆண்டு புரட்டாசியில், தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து நம் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அம்மாவுக்குச் சீட்டு விழுந்திருக்கிறது. தள்ளுபடி போக 68,000 ரூபாய் கைக்கு வரும். அப்பாதான் ஒப்பவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றான். தமக்கை இருபது ஆண்டுகளாகக் கொழுந்து கிள்ளுகிறாள். அத்தான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அந்தப் பணம் எப்படிச் சேர்ந்ததென்பது நமக்குத் தெரியும்.

அத்தானின் மறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. அதே லயத்தில் ஓர் இளைஞன் கைப்பேசியில் ரம்மி ஆடி, தங்கையின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் தொலைத்திருந்தான். "விளையாட்டு என்றால் அதுதானே" என்பது அவர் எண்ணம். அவரிடம் நாம் இரண்டு செய்திகளைக் கூறினோம். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறி, அம்மாதம் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. அதே சட்டம், பணயம் வையாத மின்னணு விளையாட்டுப் போட்டிகளை வேறாகப் பிரித்து அங்கீகரிக்கிறது என்பது ஒன்று. 2023-இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இவ்வகைப் போட்டிகளுக்குப் பதக்கங்களே வழங்கப்பட்டன என்பது மற்றொன்று. அவர் ஆசிய விளையாட்டைக் கேட்டு அசரவில்லை. "வேறு எதற்காவது உதவுமா?" என்று மட்டும் கேட்டார். பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளால் முப்பரிமாண உருவங்கள் செய்து பழகி, அசைபடத் தொழிலுக்குப் போக வேண்டுமென்பது பையனின் ஆசை. அதற்கும் இதே இயந்திரம்தான் வேண்டும் என்றோம். நல்ல நாள் பார்த்து வாங்குங்கள் என்று விட்டுவிட்டார். அவ்வாண்டு ரயில்வே ஊழியர்க்கு 78 நாள் சம்பளம் போனசாகக் கிடைத்தது. அதன் உச்சவரம்பு 17,951 ரூபாய். அதனையும் சேர்த்து ஏறக்குறைய 86,000 ரூபாயுடன் ஐப்பசியில் மருமகனும் நாமும் கோயமுத்தூர் புறப்பட்டோம். மதராஸ் ரிச்சித் தெருவுக்குப் போனால் மலிவு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் பழுதென்று திரும்பக் கொண்டுபோக நேர்ந்தால் போகக்கூடிய ஊரில் வாங்குவதே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம்.

கடைவீதியில் நுழைந்ததும் பையன் முதலில் பார்த்தது வானவில் விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டியை. அவனை மெல்ல அப்பால் அழைத்து வந்தோம். எந்த ஆட்டம் ஆடப் போகிறான், எந்தத் திரையில் ஆடப் போகிறான் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். சாதாரணத் திரையில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 ஆகப் புள்ளிகள் மொத்தம் 20,73,600. விநாடிக்கு 60 தடவை படம் மாறினால், ஒரு விநாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டியிருக்கிறது. 'நாலு கே' என்று விற்கும் திரையில் புள்ளிகள் இதைப்போல் நான்கு மடங்கு. இழுக்கும் இயந்திரமும் அதற்கேற்ப வலுத்திருக்க வேண்டும். ஏழை வீட்டுக்கு 1080 போதும். திரையை நிச்சயித்துவிட்டால் மற்றவை தாமாக ஓர் ஒழுங்குக்கு வருகின்றன.

அந்தப் புள்ளிகளைக் கணிப்பது கிராபிக்ஸ் கார்டு. பிராசஸர் என்னும் தலைமைச் சில்லு நிலைய அதிகாரியைப் போன்றது. நாம் வாங்கிய ரைசன் 5 5600-இல் அத்தகைய அதிகாரிகள் அறுவர். கிராபிக்ஸ் கார்டோ கொழுந்து மலையில் வரிசையாக நிற்கும் பெண்கள் கூட்டம்; ஆளுக்கொரு செடி, எல்லோரும் ஒரே நேரத்தில் கிள்ளுவார்கள். நாம் வாங்கிய ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டில் அவ்விதச் சிறு கணிப்பான்கள் 3,072. அதன் சொந்த நினைவகம் 8 ஜி.பி. ஆகவே விளையாட்டுக்கென வாங்குவோர் கைப்பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இந்தக் கார்டுக்கு ஒதுக்குவது முறை. பிராசஸரில் பெருஞ்செலவு செய்துவிட்டுக் கார்டில் மிச்சம் பிடிப்பது, வலிய இன்ஜினை வாங்கிவிட்டு இழுக்கப் பெட்டியில்லாமல் நிற்பது போலாகும்.

பிராசஸரும் மதர்போர்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதை நம் ரயில்வே அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில் மீட்டர் கேஜ் இருந்த நாளில், அகலப் பாதை வண்டி அதில் ஓடாது; 2015-இல் பாதையை மாற்றிய பிறகே ஓடிற்று. அதுபோல ஏ.எம்.டி. பிராசஸர்களில் ஏஎம்4 என்னும் பழைய அமைப்பும், 2022-இல் வந்த ஏஎம்5 என்னும் புதிய அமைப்பும் வெவ்வேறு கேஜ். முன்னதற்கு டிடிஆர்4 ராம், பின்னதற்கு டிடிஆர்5 ராம். மாற்றிச் செருக வழியே கிடையாது. இன்டெல் பிராசஸர்களிலும் தலைமுறைக்குத் தலைமுறை இப்பேதம் உண்டு. ஏஎம்5 வாங்கினால் பிற்காலத்தில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னது மெய்யே. ஆனால் அந்நாட்களில் ராம் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. உலகெங்கும் செயற்கை நுண்ணறிவுக்கான கணிப்பொறிக் கூடங்கள் எழும்புவதால், நினைவகம் செய்யும் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. தேவிகுளத்துச் சீட்டுப் பணத்தையும் அது தொட்டுவிட்டது. பழைய கேஜே போதுமென்று தீர்மானித்தோம். 16 ஜி.பி. ராமை ஒற்றைப் பட்டையாக வாங்காமல், 8 ஜி.பி. பட்டைகள் இரண்டாக வாங்கினோம். இரண்டு பட்டையென்றால் இரட்டைப் பாதை. செய்தி இருவழியிலும் ஒருசேர ஓடும்.

எஸ்.எஸ்.டி.யைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் விளையாட்டை வைத்து ஆடப் பொறுமை வேண்டும். மதர்போர்டிலேயே படுத்துக்கொள்ளும் சிறு பட்டையாக எஸ்.எஸ்.டி. வாங்குவதே நல்லது.

நாம் வாதாடியது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிக்காக. பெட்டியோடு ஒன்று இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். தூக்கிப் பார்த்தால் தீப்பெட்டிபோல் இருந்தது. மேலே 500 என்று அச்சிட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு 115 வாட், பிராசஸருக்கு 65-க்குச் சற்று மேல், விசிறி முதலிய இதரங்களுக்கு ஐம்பது அறுபது. எல்லாம் சேர்ந்து 250 வாட்டுக்குள் அடங்கும். காகிதத்தில் 500 போதுமானதே. ஆனால் அச்சிட்ட எண்ணை அந்த மலிவுப் பெட்டி உண்மையில் தாங்குமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அது வெடித்தால் தான்மட்டும் போகாது, கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். '80 பிளஸ்' முத்திரையுள்ள 550 வாட் மின்வழங்கி ஒன்றைத் தனியே விலை கொடுத்து வாங்கினோம். மருமகனுக்கு அதில் மனத்தாங்கல்தான். அந்தக் காசுக்கு விளக்கெரியும் விசிறிகள் வந்திருக்கும்.

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில் ஏற்பட்டது. 1976-இல் இடுக்கி மின்திட்டமும் வந்தது. நாட்டுக்கே ஒளி கொடுக்கும் அந்த மலையில் மாலையானால் லயத்து விளக்கு மினுக்குவது நாம் பார்த்துப் பழகிய காட்சி. ஆகையால் யு.பி.எஸ். இன்றிக் கணிப்பொறியை ஓட்டுவது தகாது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: யு.பி.எஸ்.ஸின் மேல் எழுதியிருப்பது வி.ஏ. கணக்கு, வாட் அன்று. 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும்; திரையும் சேர்ந்தால் மூச்சுத் திணறும். 1000 வி.ஏ. வாங்கினோம். மணிக்கணக்கில் ஆடுவதற்கல்ல, வேலையைச் சேமித்து வைத்து முறைப்படி நிறுத்துவதற்கே அது.

இடி மின்னலுக்கோ யு.பி.எஸ்.ஸும் காவலன்று. சித்திரை வைகாசிப் பிற்பகல்களிலும், துலாவர்ஷம் பெய்யும் ஐப்பசி கார்த்திகையிலும் மலைப்பக்கத்தில் இடி எப்படி இறங்குமென்பதை அங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சை அணைத்தால் போதாது; பிளக்கையே பிடுங்க வேண்டும். இணையத்துக்கு வரும் வயர் தாமிரமாயின் அதனையும் கழற்ற வேண்டும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு வயர்மேனை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய லயங்களில் மூன்றாவது துளை பல இடங்களில் வெறும் துளையாகவே இருக்கிறது. பாலக்காட்டு அன்பர்க்குத் தொல்லை வேறு வகை. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். கணவாய்க் காற்றில் புழுதியும் வரும். முன்னும் பின்னும் காற்றோடும் பெட்டியும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலையும் பார்த்து வாங்குவது அவர்களுக்கு அவசியம்.

பணம் கட்டும் நேரத்தில் ஒரு கடையில், "பில் வேண்டாமென்றால் 18 சதவீத வரி மிச்சம்" என்று காதோடு சொன்னார்கள். மருமகன் எம் முகத்தைப் பார்த்தான். சபலம் நமக்கும் தட்டிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் பெட்டியில் வரும் பிராசஸருக்கு மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. பில் இல்லாவிட்டால் அதை நாடி எங்கே போய் நிற்பது? வேறு கடைக்குப் போய் வரியோடு வாங்கினோம். கையில் பஸ் கூலிக்கு மேல் சில நூறு மட்டும் எஞ்சியது.

உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக, திரைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி எஸ்டேட் சேர்ந்தோம். அன்றிரவே சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து வேலையைத் தொடங்கினான் பையன். ஏஎம்4 பிராசஸரின் அடியில் 1,331 ஊசிகள் உள்ளன. ஒன்று வளைந்தாலும் சங்கடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். ஒவ்வொன்றையும் தொடுமுன் இரும்பு அலமாரியைத் தொட்டுத் தன்மேலிருந்த நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டான். இரவு 11 மணிக்குப் பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. திரை கறுப்பாகவே இருந்தது.

ராமைக் கழற்றி மாட்டினோம். கார்டைக் கழற்றி மாட்டினோம். வயர்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். கறுப்பு மாறவில்லை. அத்தான் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்தார். தமக்கை வாசற்படியில் உட்கார்ந்து, "தம்பி, காசு போய்விட்டதா?" என்று மெதுவாகக் கேட்டாள். பார்சல் தவறினால் பதில் சொல்லப் படிவம் உண்டு. அக்காவுக்குச் சொல்லப் பதில் நம்மிடம் இல்லை.

விடியற்காலையில் பையன் எழுப்பினான். திரையின் வயரை மதர்போர்டிலுள்ள துளையில் செருகியிருந்தோம். ரைசன் 5 5600 பிராசஸருக்குப் படம் காட்டும் சக்தி கிடையாது. பெயரின் இறுதியில் 'ஜி' என்ற எழுத்துள்ள 5600ஜி போன்றவற்றுக்கு உண்டு. இன்டெலில் 'எஃப்' என்று முடிபவற்றுக்கும் இவ்வாறே படம் வராது. வயரைக் கீழே கிராபிக்ஸ் கார்டின் துளையில் மாற்றிச் செருகினான்; திரை வெளுத்தது. புதிதாய்ச் சேர்ப்போரில் எத்தனையோ பேர் இதே இடத்தில் இடறுகிறார்கள் என்று பின்னர் அறிந்தோம். முதல்நாளே அறிந்திருந்தால் அக்கா ஓர் இரவு உறங்கியிருப்பாள்.

தை மாதம் மறுபடி போயிருந்தோம். பையன் இரவு எட்டுக்கு மேல் ஒரு மணி நேரம் ஆடுகிறான். மற்ற நேரம் பிளெண்டரில் எதையோ செதுக்குகிறான். அன்று தன் தகப்பனார் வேலை செய்யும் தொழிற்சாலையை, தகரக் கூரையும் புகைபோக்கியுமாய்த் திரையில் எழுப்பியிருந்தான். அத்தான் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் அவன் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டிரையர் அந்தப் பக்கம் இல்லையடா, இந்தப் பக்கம்" என்று திரையில் விரலை வைத்தார்.