கடைத் தட்டும் கண்ணாடித் திரையும்

பொரளைச் சந்தியில், மாலை வேளையில், ஒரு பலசரக்குக் கடையினுள் நுழைந்து சற்று ஒதுங்கி நின்று பாருங்கள். வேலை முடிந்து வரும் தாய்மார் பஸ் தவறிவிடுமே என்ற பதற்றத்தோடு உள்ளே வருகின்றனர், தட்டை நோக்குகின்றனர், கையை நீட்டுகின்றனர், காசைக் கொடுத்துப் புறப்பட்டு விடுகின்றனர். எழுத்துக்களை வாசிப்போர் மிகச் சிலரே. 'அந்தச் சிவப்புப் பெட்டி' என்றுதான் பிள்ளைகளும் கேட்கின்றனர். கை தன் விருப்பப்படி நீளுகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அது எப்பக்கம் நீளவேண்டும் என்பதை எவரோ, எங்கோ ஓர் அறையில் அமர்ந்து முன்னரே தீர்மானித்து விட்டனர்.

இதனை நாம் சிந்திக்கக் காரணமாயிருந்தவர் இப்பகுதியில் வாழும் ஓர் அம்மையார். கணவரை இழந்த அவர், மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்துக் கறித்தூள் விற்று, இரு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். மூத்த மகன் உயர்தர வகுப்பில் வர்த்தகம் பயில்பவன். மிஞ்சியிருக்கும் இரு காப்புகளை அடகு வைத்து, வண்ணப் பெட்டி அச்சிட வேண்டும், அன்றேல் இணையத் தேடலில் விளம்பரம் செய்யவேண்டும் என்பது அவன் எண்ணம். தாயும் மகனும் நம்மிடம் யோசனை கேட்டு வந்தனர்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. நம் நாட்டுத் தேயிலையின் கதையை அவர்களுக்கு நினைவூட்டினோம்.

ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கடைகளில் தேயிலை உதிரியாகவே நிறுத்து விற்கப்பட்டது. அதில் வேறு இலைகளைக் கலப்போர் மலிந்திருந்தனர். 1826ஆம் ஆண்டில் ஜோன் ஹோர்னிமன் என்ற வியாபாரி, நிறை குறித்து முத்திரையிட்ட பைக்கற்றுகளில் தேயிலையை விற்கத் தொடங்கினார். காகிதம் வெறும் உறையாக இருந்த நிலை மாறி, 'இதில் கலப்பில்லை' என்ற வாக்குறுதியாயிற்று.

கிளாஸ்கோ நகரத்துத் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற கருத்தையே அவர் தம் விளம்பரமாக்கினார். இலையைப் பறித்தவர்கள் நம் மலையகத் தமிழ் மக்கள். ஆயினும் உலகம் அறிந்த பெயர் பெட்டியின் மேலிருந்த பெயரே! மொத்தமாகக் கப்பலேறிய இலை, அயல்நாட்டில் வேறு நாட்டு இலைகளோடு கலக்கப்பட்டபோது, இலங்கையின் பெயரே மறைந்து போவதும் உண்டு. பெயர் எவரிடமோ, இலாபத்தின் பெரும்பகுதியும் அவரிடமே.

இதற்கு மாற்றாக எழுந்ததே சிங்க இலட்சினை. கலப்பற்ற இலங்கைத் தேயிலையை இந்நாட்டிலேயே பொதி செய்தால் மட்டுமே, தேயிலைச் சபைக்கு உரிய அந்த இலட்சினையைப் பைக்கற்றில் பொறிக்கலாம். நாட்டின் பெயர் 1972இல் 'சிறீ லங்கா' என மாறிய பின்னரும், பெட்டிகளில் 'சிலோன்' என்ற பழம்பெயர் நிலைத்து நிற்பதைக் காண்கிறோம். உலகம் பழகிய பெயரை வியாபாரம் இலகுவிற் கைவிடுவதில்லை. 1980களில் மெரில் ஜே. பெர்னாண்டோ தம் இரு புதல்வர்களின் பெயர்களை இணைத்து 'டில்மா' எனப் பெயரிட்டு, இங்கேயே பொதி செய்த தேயிலையை அவுஸ்திரேலியச் சந்தைக்குக் கொண்டு சென்றார். இலை பழையதே, பெட்டியை எங்கே மூடுவது, எவர் பெயரை எழுதுவது என்ற தீர்மானங்களே புதியன.

உறையின் மீது வியாபாரி எழுதுவது மட்டுமன்றி, அரசு எழுதுவிப்பதும் விற்பனையை மாற்றவல்லது. 2016இல் நம் நாட்டில் மென்பானங்களுக்கு நிறக்குறி விதிக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 2க்குக் குறைந்தால் பச்சை. அவசரத்தில் வரும் தாய்க்கும் அந்நிறம் ஒரு செய்தியைக் கூறிவிடுகிறது.

இனி, கண்ணாடித் திரைக்கு வருவோம். கடையில் கண்மட்டத்துத் தட்டு எவ்வளவு பெறுமதியானதோ, இணையத் தேடலில் முதல் வரியும் அவ்வளவு பெறுமதியானது. 1998இல் அமெரிக்காவில் பில் குரொஸ் என்பவரின் 'கோட்டு' என்ற தேடல் நிறுவனம், தேடற் சொற்களை ஏலத்தில் விட்டது. அதிக விலை கேட்டவர் மேலே நின்றார். கூகுள் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2002 முதல், கேட்ட விலையோடு மக்கள் அவ்விளம்பரத்தை எவ்வளவு நாடுகின்றனர் என்பதையும் கணக்கிட்டு இடம் அளித்தது. ஒருவர் விளம்பரத்தைத் தொட்டால் மட்டுமே கட்டணம். ஆனால் தொட்டவர் எல்லோரும் வாங்குவதில்லை.

அந்த நிறுவனமும் தட்டுக்கு விலை கொடுக்கிறது! தன் தேடலையே முதலில் வைப்பதற்காக, 2022இல் மட்டும் ஆப்பிள் நிறுவனத்துக்கு 2,000 கோடி டொலர் கொடுத்தமை வழக்கு விசாரணையில் வெளிவந்தது. 2024 ஓகஸ்டில், தேடலில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தனையும் கேட்டிருந்த அம்மையார் ஒரே கேள்வி கேட்டார்: "அப்படியென்றால், ஐயா, எங்களைப் போன்றவர்களுக்கு இடமே இல்லையா?"

இருக்கிறது என்றோம். 'கறித்தூள்' என்ற பொதுச் சொல்லுக்குப் பெருநிறுவனங்களோடு ஏலம் கேட்டால் காப்புகள் சில நாளில் கரைந்துவிடும். வேறெவருக்கும் இல்லாத ஒரு பெயரைச் சூட்டினால், ஒருமுறை சுவைத்தவர் அப்பெயரைத் தேடுகையில் அது தானே முன்வரும். கைத்தொலைபேசியில் பைக்கற்றின் படம் தபால்தலையளவே தெரியும். ஆகவே பெயர் பெரிய எழுத்தில், மும்மொழியிலும் இருத்தல் நன்று. இடித்த திகதி, நிறை, சேர்ந்துள்ள பொருள்கள் ஆகியவற்றை ஒளிக்காது எழுதவேண்டும். கூகுளில் தொழிலின் பெயரையும் இடத்தையும் பதிவதற்குக் கட்டணமில்லை.

காப்புகள் அடகுக்குப் போகவில்லை. பெட்டிக்குப் பதிலாக ஒரு சிறு சுட்டுத்துண்டே அச்சாயிற்று. பெயரை மகன் தெரிந்தான். திகதியை ஒவ்வொரு பைக்கற்றிலும் தாயே தம் கையால் எழுதுகிறார். செல்வம் குவிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒருமுறை வாங்கியோர் இப்பொழுது பெயர் சொல்லிக் கேட்கின்றனர்.

மாணவர்களே, அடுத்த முறை கடைத் தட்டின் முன்னோ திரையின் முன்னோ நிற்கும்போது, 'இது ஏன் என் கண்ணில் முதலிற் பட்டது?' என்று ஒரு கணம் கேளுங்கள். முதலில் நிற்பதற்கு விலை உண்டு. மறுமுறையும் தேடி வரச்செய்வது உள்ளிருக்கும் பண்டமே.