சாமி மட்டும் கறுப்பா இருக்கலாமா?

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேடு, ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். இன்றைக்கு அங்கே நடப்பது ரேணுகாம்பாள் ராஜாங்கம்தான். ஆடி வெள்ளி வந்துவிட்டால், சந்தவாசல் பக்கமிருந்து வருகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழியும். மஞ்சள் புடவை, வேப்பிலை, மொட்டைத் தலை, பொங்கல் பானை!

இந்தக் கோயிலில் அம்மனின் சிரசுக்குத்தான் முக்கியத்துவம். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா ஜமதக்னி சொன்னார் என்று பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். பிறகு அதே அப்பாவிடம் வரம் வாங்கி அம்மாவுக்கு உயிர் கொடுத்தான். ஆனால் அவசரத்தில் வேறொரு பெண்ணின் உடம்பில் தலையை ஒட்டிவிட்டான் என்று கிராமங்களில் சொல்வார்கள். தலை ஒருத்தியுடையது, உடம்பு இன்னொருத்தியுடையது!

புராணம்தானே என்று நகர்ந்துவிடாதீர்கள். அந்த வேலை இப்போதும் நடக்கிறது. கத்தி தேவையில்லை, முப்பது செகண்ட் விளம்பரம் போதும்! நம்ம வீட்டுப் பெண்ணின் தலையில் யாரோ ஒருத்தியின் தோலை ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் அவள் கண்ணாடியில் தேடுவது தன் முகத்தை அல்ல.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் கண்ணில் படும். சரக்கு விற்க இரண்டு வழி உண்டு. இருக்கிற குறைக்கு மருந்து தருவது ஒன்று. இல்லாத குறையை உண்டாக்கிவிட்டு மருந்து தருவது இன்னொன்று. இரண்டாவதில் லாபம் ஜாஸ்தி. குறையே தீராது, ஆகவே கஸ்டமரும் போகமாட்டார்!

முதல் வழிக்கு நம்ம கடலூரே சாட்சி. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்பூவை ஆரம்பித்தார். பாட்டிலாக வாங்க வசதி இல்லாதவர்கள், சில்லறைக் காசுக்குப் பெட்டிக்கடையில் வாங்கித் தலைக்குக் குளித்தார்கள். இதில் தப்பே இல்லை. தலையில் அழுக்கு இருந்தது, போயிற்று.

சிவப்பழகு கிரீம் விஷயம் வேறு. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-ல் வந்தது. ரங்கநாதனின் கம்பெனியும் 1998-ல் குங்குமப்பூ, பால் என்று சொல்லி 'ஃபேர்எவர்' கொண்டுவந்தது. ஷாம்பூ, முடியில் இருக்கிற அழுக்கைக் காட்டியது. கிரீமோ தோலையே அழுக்கு மாதிரி காட்டியது. அங்கேதான் வில்லங்கம்!

ஒரு டி.வி. விளம்பரம் ஞாபகம் இருக்கலாம். பிள்ளை இல்லையே, சம்பாதித்துப் போட ஆளில்லையே என்று ஓர் அப்பா பெருமூச்சு விடுவார். மாநிறப் பெண் கிரீம் பூசுவாள். சிவப்பாகி ஏர்ஹோஸ்டஸ் ஆவாள். அப்பாவை நட்சத்திர ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் காபி வாங்கித் தருவாள். அவள் என்ன படித்தாள், இன்டர்வியூவில் என்ன பதில் சொன்னாள் என்பதெல்லாம் கிடையாது! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் எதிர்த்தது. 2003-ல் அந்த விளம்பரம் நின்றது.

2009-ல் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கறுப்பும் அழகுதான் என்று ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. பின்னால் நடிகை நந்திதா தாஸும் அதில் சேர்ந்துகொண்டார். 2014-ல் விளம்பரத் தர கவுன்சில் ஒரு விதி போட்டது. கறுப்பாக இருப்பவர்களை மனசொடிந்தவர்களாக, வேலை கிடைக்காதவர்களாக, கல்யாணம் ஆகாதவர்களாகக் காட்டக்கூடாது. 2020-ல் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெயர் மாறியது சரி, மனசு?

ஆண்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் 2005-லேயே தனி கிரீம் வந்தாயிற்று! டெல்லியில் ஒருவர் 2013-ல் 79 ரூபாய் கொடுத்து 'ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம்' வாங்கினார், சிவக்கவில்லை, கேஸ் போட்டார். 2024 டிசம்பரில் நுகர்வோர் ஆணையம், விளம்பரம் தவறான எண்ணம் தருகிறது என்று சொல்லி, 14.5 லட்ச ரூபாயை நுகர்வோர் நல நிதிக்கும் 50,000 ரூபாயை அவருக்கும் தரச் சொன்னது.

பணம் போனால் கேஸ் போடலாம். முகம் போனால்? 'சீக்கிரமே சிவப்பு' என்று சிலர் விற்கிற கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து எரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். அதனால்தான் பூசுகிற ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கண்டிப்புக் காட்டியது. நம் நிறம் என்பது மெலனின் என்கிற நிறமி. வெயிலுக்கு உடம்பு பிடிக்கிற குடை அது. குடையைக் கிழிக்கக் காசு கொடுப்பார்களா?

இப்போது விளம்பரம் விளம்பரம் மாதிரியே வருவதில்லை. செல்போனில் ஒரு பெண், பக்கத்து வீட்டு அக்கா மாதிரி, "நான் இதைத்தான் போடறேன்ப்பா" என்கிறாள். காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2021-லேயே விதி வந்துவிட்டது. ஆகவே வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுங்கள். இதைச் சொல்ல இவருக்குக் காசு தந்தது யார்? 'முன்பு', 'பின்பு' படங்களில் மாறியது முகமா, லைட்டா? இதைப் பார்ப்பதற்கு முன்னால் எனக்கு இந்தக் குறை இருந்ததா?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேர்மை வேண்டும். ஏனென்றால் அந்தக் குறையை முதலில் சொன்னது பெரும்பாலும் டி.வி. இல்லை. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "மூக்கும் முழியும் நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நிறம்தான் கம்மி" என்றாரே ஒரு பெரியம்மா, அவர்தான்! பைசா வாங்காத மாடல். கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை' என்று எழுதிக் கொடுத்ததும் நாம்தான். கம்பெனிக்காரன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, நம்ம வீட்டுப் பேச்சைப் பொறுக்கி டியூபில் அடைத்தான்.

கருமாரிக்குக் கூழ் ஊற்றுகிறோம். கறுப்பசாமிக்குக் கெடா வெட்டுகிறோம். கண்ணன் நிறத்தைப் பாடிப் பாடி உருகுகிறோம். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் சிவப்பு வேண்டுமாம்!

அடுத்த ஆடி வெள்ளிக்குப் படவேடு போனால் மகளுக்கு வளையல் வாங்கிக் கொடுங்கள், ரிப்பன் வாங்கிக் கொடுங்கள். தலைவாசல் தாண்டும்போது, "நீ அச்சு அசல் உங்க பாட்டி மாதிரியே இருக்கேடி" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். காசு செலவில்லை. எந்த விளம்பரமும் அதை அழிக்க முடியாது.