காற்றடைப்பு மீன்பிடிப் படகு

காற்றடைப்பு மீன்பிடிப் படகு என்பது காற்றுப் புகாத மென்தகட்டாலோ பூச்சிட்ட துணியாலோ செய்த அறைகளில் காற்றை நிரப்பி மிதக்கவிடப்படும் சிறு படகு ஆகும். குளம், ஏரி, அணை நீர்த்தேக்கம் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் தூண்டிலோ வலையோ கொண்டு மீன்பிடிக்க இது பயன்படுகிறது. பேச்சுவழக்கில் இதனை இரப்பர் படகு என்பர். ஆனால் இன்று குறைந்த விலையில் விற்பனையாகும் படகுகள் பெரும்பாலும் பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு நெகிழியால் ஆனவை. அவற்றில் இரப்பர் இல்லை. பெயரில் உள்ள இந்தப் பிழை, பின்னர் விளக்கப்படுவது போல, படகு கிழியும் நாளில் பெரிய இடராக மாறக்கூடும்.

இக்கட்டுரை திண்டுக்கல் மாவட்டத்தின் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, குறைந்த செலவில் இவ்வகைப் படகைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவற்றை விளக்குகிறது.

வரலாறு

காற்றடைத்த பொருளைப் பற்றிக்கொண்டு நீரைக் கடப்பது மிகப் பழைய வழக்கம். கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசிரிய மன்னன் இரண்டாம் அசூர்நசிர்பாலின் அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களில், ஊதிய விலங்குத் தோலை அணைத்தபடி வீரர்கள் ஆற்றை நீந்திக் கடக்கும் காட்சி உள்ளது. 1823இல் சார்லசு மெக்கிண்டாசு இரப்பர் பூசிய நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். பிரித்தானியக் கடற்படை அதிகாரி பீட்டர் ஆல்கெட் 1840களில் அத்துணியைக் கொண்டு மேலங்கியாகவும் அணியக்கூடிய படகு ஒன்றைச் செய்தார். 1845இல் புறப்பட்ட சான் பிராங்கிளினின் வடமுனைப் பயணத்தில் ஆல்கெட் படகும் கொண்டுசெல்லப்பட்டது.

இன்றைய வடிவம் 1930களில் பிரான்சின் சோடியாக் நிறுவனத்தில் பியர் தெப்ரூத்தெல் செய்த முன்மாதிரிகளிலிருந்து வளர்ந்தது. அந்நிறுவனத்தின் படகொன்றில் அலன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1952 அக்டோபர் 19 அன்று கனேரித் தீவுகளிலிருந்து தனியே புறப்பட்டு, 65 நாள்களில் அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடந்து பார்படோசை அடைந்தார். வழியில் மீன் பிடித்தே உண்டார். காற்றடைப்புப் படகின் நம்பகத்தன்மைக்குச் சான்றாக இப்பயணத்தைப் பலரும் சுட்டுவர். ஆனால் அப்படகு வலுவூட்டிய துணியால் ஆனது. கடற்கரை விளையாட்டுக்கென விற்கப்படும் மெல்லிய நெகிழிப் படகை அதனுடன் ஒப்பிட இயலாது.

தமிழ்நாட்டில் பொதுமக்கள் இவ்வகைப் படகை மிகுதியாகக் கண்டது 2015 திசம்பர் சென்னை வெள்ளத்தின்போது எனலாம். அரக்கோணத்தை இருப்பிடமாகக் கொண்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் போன்றோர் மீட்புப் பணிக்கு இவற்றைப் பயன்படுத்தினர்.

வட்டாரச் சூழல்

ரெட்டியார்சத்திரம் திண்டுக்கல் – பழனி சாலையில் அமைந்த ஊர். இதைச் சுற்றியுள்ள சமவெளிக் குளங்கள் பெரும்பாலும் மழையை நம்பியவை. வடகிழக்குப் பருவமழையில் நீர் வந்தால் சில மாதங்கள் நீர் நிற்கும், கோடையில் வற்றும். வற்றிய குளத்தில் ஊர் கூடி மீன்பிடிக்கும் விழா திண்டுக்கல், மதுரை வட்டாரங்களில் இன்றும் நடைபெறுகிறது. அதற்கு ஊத்தாவும் கைவலையும் போதும், படகு வேண்டியதில்லை. ஆகவே இங்குள்ள குளங்களில் படகின் தேவை ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே. எஞ்சிய காலம் அதை மடித்து வீட்டில் வைக்கலாம் என்பதே காற்றடைப்புப் படகுபால் மக்களை ஈர்க்கும் முதன்மைக் காரணம்.

மாவட்டத்தின் நீர்த்தேக்கங்களில் நிலைமை வேறு. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம், ஒட்டன்சத்திரம் அருகே பரப்பலாறு, பழனிப் பக்கம் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, அய்யம்பாளையம் அருகே மருதாநதி ஆகியவை மலையடிவார அணைகள். இவற்றில் ஆழம் மிகுதி, காற்றும் மிகுதி.

இந்நீர்நிலைகளில் கட்லா, ரோகு, மிருகால், சிலேபி, கெளுத்தி, விரால் முதலியன பிடிபடுகின்றன.

மிதப்புக் கணக்கு

படகு எவ்வளவு சுமை தாங்கும் என்பதை ஆர்க்கிமிடீசு தத்துவத்தால் எளிதில் கணிக்கலாம். படகைச் சுற்றியுள்ள காற்றுக் குழாயின் விட்டம் 30 செ.மீ., அதன் மொத்தச் சுற்று நீளம் 5 மீட்டர் எனக் கொள்வோம். அதன் கனவளவு 3.14 × 0.15 × 0.15 × 5 = 0.353 கன மீட்டர், அதாவது 353 லிட்டர். குழாய் முழுதும் நீரில் அமிழ்ந்தால் அது தள்ளும் நீர் ஏறத்தாழ 350 கிலோகிராம். முழுதும் அமிழ்ந்த படகால் பயனில்லை என்பதால், படகின் மேல் அச்சிட்டிருக்கும் சுமை அளவு இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

குழாய் இரு சம அறைகளாகப் பிரிக்கப்பட்டு அவற்றுள் ஒன்று கிழிந்தால் எஞ்சுவது 175 கிலோகிராம் மிதப்பு. 65 கிலோ எடையுள்ள ஒருவர், நனைந்த வலையும் மீனுமாக 40 கிலோ, படகின் எடை 10 கிலோ எனக் கூட்டினால் 115 கிலோ. படகு ஒருபுறம் சாய்ந்தாலும் மூழ்காது. அதே படகில் இருவர் ஏறியிருந்தால் கணக்கு எல்லையைத் தொட்டுவிடும். இருவர் படகு என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை, வலையுடன் செல்லும் ஒருவர் படகு என்று படித்துக்கொள்வது நல்லது.

அறைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மூன்று அறைகள் உடையது எனப்படும் மலிவான படகுகள் பலவற்றில் தரைப்பகுதியும் ஓர் அறையாக எண்ணப்பட்டிருக்கும். சுற்றுக்குழாய் எத்தனை அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது, ஒவ்வொன்றிற்கும் தனி அடைப்பிதழ் உள்ளதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வெயிலும் அழுத்தமும்

மலிவான படகுகளில் நிரப்பப்படும் காற்றழுத்தம் மிகக் குறைவு. வளிமண்டல அழுத்தத்தை 100 கிலோபாசுக்கல் எனக் கொண்டால், படகினுள் அதற்கு மேல் சுமார் 7 கிலோபாசுக்கல் இருக்கும். மிதிவண்டிச் சக்கரத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. எனினும் திண்டுக்கல் வெயிலில் இச்சிறு அழுத்தம் எளிதில் இரட்டிப்பாகும்.

விடியற்காலையில் 25 பாகை செல்சியசில் படகை நிரப்பிக் கரையில் விட்டுவிட்டதாகக் கொள்வோம். நண்பகலில் உள்ளிருக்கும் காற்று 50 பாகையை எட்டினால், கெல்வின் அளவில் 298 என்பது 323 ஆகிறது. கனவளவு மாறாதிருந்தால் 107 கிலோபாசுக்கலாக இருந்த மொத்த அழுத்தம் 116 ஆகும். அதாவது வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தம் 7இலிருந்து 16 ஆகிறது. நடைமுறையில் நெகிழி சற்று விரிந்து கொடுப்பதால் அழுத்தம் அந்த அளவிற்கு உயராது; மாறாக ஒட்டுத் தையல்கள் இழுபட்டுத் தளரும். கரையில் கிடந்த படகு தானே வெடித்தது என்று சொல்லப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

எதிர்மாறாகவும் நிகழும். 40 பாகை வெயிலில் நிரப்பிய படகை 28 பாகை நீரில் இறக்கினால், இதே கணக்கின்படி மேற்பட்ட அழுத்தம் 7இலிருந்து 3 ஆகக் குறையும். படகு தொய்வதைக் கண்டு ஓட்டை விழுந்துவிட்டதோ என அஞ்ச வேண்டியதில்லை. நீரில் இறக்கிச் சிறிது நேரம் கழித்து மீண்டும் காற்றடித்தால் போதும். கரையேறியதும் சிறிதளவு காற்றை வெளியேற்றிவிட்டு நிழலில் வைக்க வேண்டும்.

பொருள்

ஒற்றைத் தகடாலான பிவிசி படகு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புடையது. உள்ளே துணி இல்லை. சில ஆயிரம் ரூபாயில் கிடைப்பவை இவையே. இவ்வகையில் கிழிசல் ஏற்பட்டால் அது நீண்டுகொண்டே செல்லும். அடுத்த வகையில் பாலியெசுத்தர் துணியின் இருபுறமும் பிவிசி பூசப்பட்டிருக்கும். துணியின் இழைகள் கிழிசலைத் தடுத்து நிறுத்துகின்றன. விலை பல மடங்கு கூடுதல். மீட்புப் படையினர் போன்றோர் பயன்படுத்தும் உயர்ரகப் படகுகளில் ஐப்பலான் என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட செயற்கை இரப்பர் பூசிய துணி இருக்கும். அது வெயிலையும் எண்ணெயையும் நன்கு தாங்கும், ஆனால் இக்கட்டுரை பேசும் விலைக்குள் வராது.

துணியுள்ள படகா, துணியில்லாத படகா என்பதை மடிப்பு ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அறியலாம். இழைப்பின்னல் தெரியும்.

முள்

இவ்வட்டாரத்தில் காற்றடைப்புப் படகின் முதல் எதிரி முள் ஆகும். பல குளங்களின் உட்புறத்தில் சமூகக் காடுகள் திட்டத்தில் நடப்பட்ட கருவேல மரங்கள் நிற்கின்றன. கரைகளிலும் வற்றிய பரப்பிலும் சீமைக் கருவேலம் மண்டியுள்ளது. குளம் நிறையும்போது இவை நீருக்கடியில் மறைகின்றன. மேலிருந்து பார்க்கத் தெளிந்த நீர்ப்பரப்பாகத் தோன்றும் இடத்தில், ஒரு சாண் ஆழத்தில் முட்கிளை இருக்கும்.

இரண்டாவது முள் மீனுடையது. கெளுத்தியின் முதுகிலும் இருபக்கத் துடுப்புகளிலும் உள்ள முட்கள் விறைத்து நிற்பவை. சிலேபியின் முதுகுத் துடுப்பும் கூரியது. வலையிலிருந்து கழற்றும்போது துள்ளும் ஒரு கெளுத்தி, ஒற்றைத் தகட்டுப் படகின் தரையைத் துளைக்கப் போதுமானது. தடித்த பாய் அல்லது இரப்பர் விரிப்பைத் தரையில் இட்டு, மீனைக் கூடையிலோ வாளியிலோ போடுவது வழக்கமாக வேண்டும்.

துளை விழுந்தால் என்ன செய்வது? பெயர் இரப்பர் படகாக இருப்பதால் பலர் சக்கரப் பஞ்சர் கடைக்குக் கொண்டு செல்கின்றனர். சக்கரக் குழாய்க்கு இடும் இரப்பர் கரைசல் பிவிசியின் மீது நிலையாக ஒட்டாது. ஒட்டியது போலத் தோன்றி, நீரில் சில மணி நேரத்தில் உரிந்துவிடும். சூடேற்றி ஒட்டும் முறையோ தகட்டையே உருக்கிவிடும். பிவிசிக்கென உள்ள பசையும் அதே பொருளாலான ஒட்டுத்துண்டும் தேவை. படகு வாங்கும் அன்றே இவற்றையும் வாங்கிவைக்க வேண்டும். ஊர்ப்புறக் கடையில் பிறகு தேடினால் கிடைப்பது அரிது.

பிற மலிவு மிதவைகள்

லாரி டியூப்: தமிழகக் குளங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் காற்றடைப்பு மிதவை இதுவே. டியூபின் நடுவே கயிற்றைப் பின்னியோ பலகையைக் கட்டியோ அதில் அமர்ந்து, கையால் துழாவிச் சென்று செவுள் வலை கட்டுவர். வெளிவிட்டம் ஒரு மீட்டரும் குழாயின் தடிப்பு 28 செ.மீ.யும் கொண்ட டியூப் கணக்குப்படி சுமார் 140 கிலோகிராம் நீரைத் தள்ளும். தடித்த இரப்பர் ஆதலால் முள்ளை ஓரளவு தாங்கும். எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்டலாம். ஆனால் இதில் ஒரே ஓர் அறைதான். ஆழத்தில் அது கிழிந்தால் வேறு எதுவும் தாங்காது. கால்கள் நீரில் தொங்குவதால் தன் வலையிலேயே கால் சிக்கும் இடரும் உண்டு. உலோக அடைப்பிதழ் உடலைக் கீறாதிருக்கத் துணி சுற்றிக் கட்டவேண்டும்.

பரிசல்: மூங்கில் பத்தைகளைக் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் தோலும் பிற்காலத்தில் நெகிழித் தாளும் தாரும் கொண்டு மூடப்படுவது. ஒகேனக்கல்லிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பரவலாக உள்ளது. கண்ணாடியிழைப் பரிசல்களும் வந்துள்ளன. ஒருவரே கவிழ்த்துத் தூக்கிச் செல்லலாம். அடியில் முள் குத்தினால் நீர் மெல்லக் கசியுமே தவிர, மிதப்பு ஒரு நொடியில் போய்விடாது. பிழைப்புக்காக நாள்தோறும் வலை போடுபவருக்கு, ஒற்றைத் தகட்டுக் காற்றடைப்புப் படகைவிடப் பரிசலே பொருத்தமானது என்பது மேற்கண்டவற்றிலிருந்து தெளிவாகும். முள்ளில்லாத நீர்த்தேக்கத்தில் ஓய்வுநாளில் தூண்டில் போடுபவருக்கு மடித்துக் கொண்டுசெல்லும் படகு ஏற்றது.

காற்று

எடை குறைந்து, நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எதையும் காற்று தள்ளிச் செல்லும். நீர் ஆவியாதலைத் தடுக்க 2017 ஏப்ரலில் வைகை அணையில் பரப்பிய தெர்மாக்கோல் அட்டைகள் விரைவிலேயே கரையொதுங்கியது பலருக்கும் நினைவிருக்கும். பத்துக் கிலோ படகின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அம்மியையே பறக்கவிடும் என்று சொல்லப்படும் ஆடிக்காற்றில், மலையடிவார அணைகளில் துடுப்பால் எதிர்த்துத் திரும்புவது கடினம். தட்டையான அடியுள்ள படகைவிட, அடியில் துடுப்புத் தகடு பொருத்தியது நேராகச் செல்லும். கிளம்பும்போது காற்றை எதிர்த்துச் சென்று, திரும்பும்போது காற்றோடு வருமாறு இடத்தைத் தேர்வது பழகியவர் வழக்கம். ஒரு கல்லையும் பத்துப் பதினைந்து மீட்டர் கயிற்றையும் நங்கூரமாகக் கொள்ளலாம். கல்லைக் கோணிப்பையில் இட்டுக் கட்டாவிட்டால் அதுவே படகை உரசிக் கிழிக்கும்.

உயிர்காப்பு அங்கி இல்லாமல் இப்படகில் ஏறக் கூடாது. விலைப்பட்டியலில் படகையும் அங்கியையும் ஒரே பொருளாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். அங்கிக்குப் பணம் எஞ்சவில்லை எனில் அப்படகு வாங்குபவரின் கைக்கு எட்டிய விலையில் இல்லை என்றே பொருள்.

உரிமை

குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. அணைகளில் மீன்வளத் துறையோ, 1974இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகமோ, கூட்டுறவுச் சங்கமோ, குத்தகைதாரரோ உரிமை பெற்றிருப்பர். குடிநீருக்கான தேக்கங்களிலும் மதகருகிலும் தடை இருக்கும். படகு வாங்கும் முன்னரே இதைக் கேட்டறிவது நல்லது. குத்தகைதாரர் இசையாவிட்டால் எவ்வளவு நல்ல படகும் பரணில்தான் கிடக்கும்.

சோதனையும் பாதுகாப்பும்

புதிய படகை வீட்டிலேயே நிரப்பி, ஒரு விடியலிலிருந்து மறு விடியல் வரை நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இரு வேளைகளை ஒப்பிட்டால்தான் கசிவு உண்மையா எனத் தெரியும். ஒட்டுகளிலும் அடைப்பிதழிலும் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பருவம் முடிந்ததும் சேறு போகக் கழுவி, நிழலில் முற்றிலும் உலர்த்தி, முகப்பூச்சு மாவு தூவித் தளர்வாகச் சுருட்ட வேண்டும். இறுக மடித்த மடிப்பில்தான் பிவிசி முதலில் வெடிக்கிறது. மீன் வாடை எஞ்சினால் எலி வரும். பரணில் ஒரு கோடை கிடந்த படகை எலி கடித்தால் மடிப்புக்கு மடிப்பு துளை விழும். அதை ஒட்டுவதற்கு ஆகும் செலவு படகின் விலையை நெருங்கும். மூடியுள்ள தகரப் பெட்டியில் வைப்பது இதற்கு எளிய வழியாகும்.