மிளகாய்க்கு ஒரு தொட்டி

மிளகாய் நம் நாட்டுச் சரக்கன்று என்று சொன்னால் நம்மவரில் பலர் சண்டைக்கே வந்துவிடுவார்கள். வகுப்பில் இதைச் சொல்ல நேர்ந்தபோது, "அப்படியானால் நம் பாட்டன் பூட்டன்மார் ரஸத்தில் எதைப் போட்டார்கள், ஸார்?" என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண நாம் சரித்திரப் புஸ்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. வீட்டில் திவசம் நடக்கும் நாளில் சமையலறையை எட்டிப் பார்த்தாலே போதும். பல குடும்பங்களில் அன்று மிளகாய்க்கு விடுமுறை, மிளகுக்குத்தான் உத்தியோகம். பழைய சம்பிரதாயம் வழுவாத கோயில் மடைப்பள்ளிகளிலும் இதே கதைதான். நமக்கு மறந்துபோன சரித்திரம் பித்ருக்களுக்கும் பெருமாளுக்கும் நினைவிருக்கிறது போலும்!

சங்க காலத்தில் நம் முன்னோர் 'கறி' என்று சொன்னது மிளகைத்தான். அந்த மிளகைத் தேடித்தான் மேல்நாட்டார் கடல் கடந்தார்கள். 1492-ல் கொலம்பஸ் இந்தியாவுக்கு வழி தேடிப் புறப்பட்டு, வழி தவறி அமெரிக்கத் தீவுகளில் இறங்கினார். அங்கே மிளகு இல்லை. அதைவிட உறைப்பான ஒரு காய் இருந்தது. அந்தப் பகுதியின் ஆதிக்குடிகள் அதனை நெடுங்காலமாக உண்டு வந்தவர்கள். வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு, போர்த்துகீசியக் கப்பல்கள் மூலம் அந்தக் காய் பதினாறாம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. மிளகைப்போல் உறைத்ததால் 'மிளகாய்' என்று நம்மவர் நாமகரணம் செய்தார்கள். மிளகுக்கொடி படர மலைச்சாரலும் மழையும் மரநிழலும் வேண்டும். மிளகாய்ச் செடிக்கோ குடிசையின் பின்புறத்தில் ஒரு முழ நிலம் போதும். பணக்காரரின் அஞ்சறைப் பெட்டியிலிருந்த காரத்தை ஏழையின் கூழ்க் கலயத்துக்குக் கொண்டுவந்த பெருமை இந்த விருந்தாளிக்கே உரியது.

விருந்தாளி எவ்வளவு சொந்தக்காரனாகிவிட்டான் என்பதற்கு எங்கள் சீமையே சாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அண்மையில், மேற்கு மலையின் அடிவாரத்தை நோக்கி இருப்பது மம்சாபுரம். மலையோரத்தில் தென்னையும் மாவும் நெல்லுமாகப் பசுமை தெரியும். கிழக்கே செல்லச் செல்ல மண் கறுத்து, வானம் பார்த்த கரிசல் விரியும். அங்கே சம்சாரிகள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மிளகாய் போடுகிறார்கள். சாத்தூரின் பெயரையே தாங்கிய 'சாத்தூர் சம்பா' என்ற நீளமிளகாய் ஒன்றுண்டு. விருதுநகரோ வத்தல் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இன்னும் கிழக்கே, குண்டு குண்டாக விளையும் ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. சாத்தூர்க் காராச்சேவைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதே இல்லை. கடலைமாவும் பூண்டும் மிளகாய்ப் பொடியும் எண்ணெயில் ஒன்றுகூடிச் செய்யும் அந்த மாயத்துக்கு மயங்காதவர் மாலைக் காப்பியின் ருசியில் பாதியை அறியாதவரே.

இவ்வளவு நெருங்கிய சொந்தத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? நம் தாய்மார் வத்தலை வெயிலில் உலர்த்தி, காம்பு கிள்ளி, உரலில் இடித்தார்கள். நெடி வீதி முழுவதும் பரவித் தும்மலெடுக்கும். நாமோ சிவப்பு நிறமான ஒரு பொட்டலத்தை வாங்கிக் கத்தரியால் நறுக்குகிறோம். உள்ளே இருப்பது என்னவென்று நாம் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காரணம் உண்டு. 2003-ல் ஐரோப்பாவில், இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ச் சரக்கில் 'சூடான் 1' என்னும் சாயம் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மெழுகுக்கும் எண்ணெய்க்கும் நிறமூட்டும் தொழிற்சாலைச் சாயம் அது. புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற அச்சத்தால் உணவில் அடியோடு தடுக்கப்பட்டது. 2005-ல் இங்கிலாந்தில் ஒரு ஸாஸில் சேர்ந்த மிளகாய்ப் பொடி வழியாக அதே சாயம் பரவி, நானூற்றுக்கு மேற்பட்ட உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறும்படி ஆயிற்று. அந்நியர் தட்டில் விழுந்ததால் அது செய்தியாயிற்று. நம் குழந்தைகளின் தட்டில் விழுவதைச் சோதிப்பவர் யார்?

ஒரு டம்ளர் தண்ணீரில் மிளகாய்ப் பொடியைத் தூவிப் பாருங்கள். உடனே வர்ணம் கோடு கோடாக இறங்கினால், நீரில் கரையும் சாயம் இருக்கிறதென்று சந்தேகிக்கலாம். அடியில் மண்போல் தங்கியதைத் தேய்த்தால் நறநறக்குமானால் செங்கற்பொடியாக இருக்கலாம். ஆனால் சூடான் சாயம் எண்ணெயில் கரைவது. தண்ணீர்ச் சோதனையில் அகப்படாது. ஆகவே வத்தலை முழுசாக வாங்கி, உடைத்துப் பார்த்து, காய வைத்து, நாமே அரைத்துக்கொள்வதுதான் மேலான வழி. ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்த வத்தலில் 'அஃப்ளடாக்ஸின்' என்ற நஞ்சு சேரக்கூடுமாதலால் அதையும் விலக்க வேண்டும். நல்ல வத்தலை எப்படி அறிவது என்றால், ஒரு முறையேனும் அதை வளர்த்துப் பார்த்தவருக்கே கண்ணும் மூக்கும் பழகும். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ தினம் ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் இருந்தால், மிளகாய்க்கு ஒரு தொட்டி வையுங்கள் என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

முறை எளிது. செடியிலேயே பழுத்து உலர்ந்த வத்தலிலிருந்து விதையை எடுத்து, சிறு சட்டியில் தூவி, மெல்லிய மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எட்டுப் பத்து நாளில் முளை காணும். நாற்பது நாள் நாற்றை, ஓரடி ஆழமுள்ள தொட்டிக்கு ஒன்றாக எடுத்து நடலாம். செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் சம அளவில் இருக்கட்டும்; அடியில் நீர் வடியத் துவாரம் அவசியம். மேல்மண் காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். அன்பு மிகுதியால் வேளைக்கு வேளை நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். நட்ட இரண்டரை மாதத்தில் பச்சை மிளகாய் பறிக்கலாம். கோடையின் உச்சத்தில் பூ உதிர்ந்தால் மனம் தளர வேண்டாம். வெப்பம் தணிந்தால் மீண்டும் பிடிக்கும். இலை சுருண்டால் இலைப்பேன், சிலந்திப்பேன் வேலையாக இருக்கலாம். சிறிது சோப்பு கரைத்த நீரில் வேப்பெண்ணெய் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளிக்கலாம்.

காய்த்த பிறகு கிளி வந்து கொத்திப் போகும். அதற்கு உறைக்காதா என்று குழந்தைகள் கேட்பார்கள். உறைக்காது. ஆண்டாளின் கரத்தில் அன்றாடம் இலைகளால் செய்து வைக்கும் கிளியைக் கண்டு வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது இனிய செய்தி. மிளகாயின் காரம் 'காப்சைஸின்' என்ற பொருளால் வருவது. நம் நாவிலே சுடுபொருள் பட்டால் உணரும் நரம்பு வாயில் ஒன்றிருக்கிறது. காப்சைஸின் அதைத் திறந்துவிட, நெருப்புப் படாமலே மூளை 'சுட்டது' என்று அலறுகிறது. டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1997-ல் இதைக் கண்டறிந்து, 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் நரம்பு இந்தப் பொருளுக்கு அசைவதில்லை. அவை பழத்தைத் தின்று விதையைச் சேதமில்லாமல் வேறிடம் சேர்க்கின்றன. காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் விதையைத் தாங்கும் வெண்ணிற நரம்பிலேயே இருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டால் குழந்தைகளும் தொட்டுக்கொள்ளலாம்.

உறைப்பு மிஞ்சினால் தண்ணீரைக் குடிப்பது வீண். காப்சைஸின் நீரில் கரையாது. கொழுப்பில் கரையும், பாலிலுள்ள புரதம் அதைப் பற்றி இழுக்கும். பாலும் மோரும் தயிருமே மருந்து. காராச்சேவு விளையும் சாத்தூரும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா பிறக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒரே ஜில்லாவில் அமைந்தது தெய்வச் செயல் என்றே சொல்லலாம்!

பச்சை மிளகாயில் வைட்டமின் ஸி மிகுதி. ஹங்கேரி தேசத்தில் ஆல்பர்ட் ஸென்ட் ஜார்ஜி அந்தச் சத்தை ஏராளமாகப் பிரித்தெடுத்தது மிளகாய் இனத்துக் காயிலிருந்துதான். அவர் 1937-ல் நோபல் பரிசு பெற்றார்.

பறித்த காயை என்ன செய்வது? நுனியில் கீறி, உப்பிட்ட தயிரில் இரவு ஊறவைத்து, பகலில் வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் அதே தயிரில் போட்டு, அது வற்றும் வரை காயவிட்டால் மோர்மிளகாய். பழையதற்கு இதைவிடச் சிறந்த துணை எது? செடியில் ஐந்தாறு காய் பழுத்துச் சிவந்தால், பூண்டும் உப்பும் சேர்த்து அம்மியில் அரைத்து நல்லெண்ணெய் விட்டால் இட்லிக்கு வேறொன்றும் வேண்டாம். ஸாஸ் பிரியர்கள், பழுத்த மிளகாயை உப்புடன் அரைத்துக் கண்ணாடிச் சாடியில் சில நாள் புளிக்கவிட்டு, காடி கலந்து வடிகட்டலாம். அமெரிக்காவில் லூயிஸியானாவில் 1868 முதல் செய்யப்படும் புகழ்பெற்ற 'டபாஸ்கோ'வும் மிளகாய், உப்பு, காடி ஆகிய மூன்றால் ஆனதே. மரப் பீப்பாயில் வருஷக் கணக்கில் ஊறுவதுதான் அதன் சூட்சுமம். ஊறுகாய்ச் சாடியை அறிந்த நம் பெண்மணிகளுக்கு இது புது வித்தையன்று. வயிற்றுப்புண் உள்ளவர்கள் மாத்திரம் அடக்கிக்கொள்வது நலம்.

இரண்டு தொட்டியால் வருஷத்துப் பொடிக்கு வழி பிறக்காது. அதற்குச் சம்சாரியிடம் வத்தலாகத்தான் வாங்கியாக வேண்டும். ஆனால் தன் கையால் நீர் விட்டு, பூத்ததையும் பழுத்ததையும் பார்த்த குழந்தைக்கு மிளகாயின் உண்மையான சிவப்பு எதுவென்று தெரிந்துவிடும். அந்தக் கண்ணை எந்தச் சாயமும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஒரு சட்டியும் ஒரு பிடி விதையும் இதற்கு முதலீடு. நாளைக் காலையே தொடங்கலாமே!