ஆப்பிளா, ஆண்ட்ராய்டா? பாட்டாளியின் சட்டைப்பையில் எது இருக்க வேண்டும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூவார் பட்டணத்திலிருந்து பாஞ்சோர் போகும் சாலையில், செம்பனைக் காட்டை ஒட்டிய ஓர் ஒட்டுக்கடையில் நாம் கோப்பி குடித்துக் கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் பெரிய வாக்குவாதம். அரசியல் அல்ல, பந்தாட்டம் அல்ல. கைப்பேசியைப் பற்றித்தான் அந்தச் சண்டை!

ஒருவர் முப்பது வருடமாகப் பழக்குலை வெட்டும் பெரியவர். அவர் கையில் அறுநூறு வெள்ளி ஆண்ட்ராய்டு கைப்பேசி. எதிரே அவருடைய தங்கை மகன். மூவாரில் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவன் கையில் மாதத் தவணையில் வாங்கிய ஐபோன்.

"மாமா, ஒங்க போனெல்லாம் ஒரு போனா? ஒரு தட்டு தட்டுனா ரெண்டு நிமிஷம் யோசிக்குது!"

"யோசிக்கட்டும்டா மாப்ள. என் போனு யோசிக்குது. நீதான் யோசிக்காம வாங்கிட்டே. மாசா மாசம் கட்டுறது யாரு?"

கடையே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர் மட்டுமே. உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்யும் அம்மையார் அவர், கணவரை இழந்தவர். "எந்தப் போனா இருந்தா என்னாங்க ஐயா? கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சு ஒரு தட்டு தட்டுனேன். பேங்க்ல வச்சிருந்த நாலாயிரத்துச் சொச்சம் ஒரே ராத்திரியில போச்சு" என்றார்.

நமக்குக் கோப்பி கசந்துவிட்டது. எது உசத்தி என்ற கேள்வியை விட, எது நம் கூலியைக் காக்கும் என்ற கேள்வியே பெரிது என்று அப்போதே தோன்றியது. தோழர்களே, இந்த வாரம் அதைத்தான் அலசிப் பார்க்கப் போகிறோம்.

இரண்டு நிர்வாகங்கள்

கைப்பேசி என்பது வெறும் கண்ணாடியும் தகரமும். அதற்குள் இருந்து வேலை வாங்கும் கிராணி ஒருவர் உண்டு. காலைப் பிரட்டில் ஆளைப் பிரித்து, யாருக்கு எந்த நிரை என்று சொல்லும் கிராணியைப் போல, எந்தச் செயலி எப்போது ஓட வேண்டும், எது எந்தக் கதவைத் திறக்கலாம் என்று தீர்மானிப்பவர் அவரே. அவருக்கு இயங்குதளம் என்று பெயர்.

ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனை 2007ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டு வந்தது. கூகள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு ஏறிய முதல் கைப்பேசி 2008ல் வந்தது. ஆண்ட்ராய்டுப் பிரிவுக்கு 2013ல் தலைமை ஏற்று, 2015ல் கூகள் நிறுவனத்துக்கே தலைவராக உயர்ந்தவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை என்பது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பெருமையை வைத்துக் கைப்பேசி வாங்க முடியாது!

போட்டியில் மற்றவர்களும் இருந்தார்கள். ஒரு காலத்தில் தோட்டம் முழுதும் நோக்கியா மணிதான் ஒலித்தது. அந்த நோக்கியா தன் கைப்பேசித் தொழிலையே மைக்ரோசாப்டிடம் 2014ல் ஒப்படைத்தது. மைக்ரோசாப்டின் கைப்பேசித் தளமும் 2020 ஜனவரியோடு ஆதரவு இழந்தது. பெரிய மனிதர்கள் இடுப்பில் செருகிக் கொண்டு திரிந்த பிளாக்பெர்ரியின் பழைய கைப்பேசிகள் 2022 ஜனவரி 4ஆம் நாள் சேவை இழந்தன. ஆக, கடைக்குப் போகும் நமக்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இரண்டே நிர்வாகங்கள்.

ஆப்பிள் ஒரே முதலாளியின் தோட்டம். நிலம், வீடு, கடை, கேட் எல்லாம் அவருடையதே. ஆண்ட்ராய்டோ, சட்டதிட்டத்தை கூகள் எழுதிக் கொடுக்க, சாம்சுங், சியாவ்மி, ஓப்போ, விவோ என்று பல குத்தகைக்காரர்கள் நடத்தும் தோட்டம். உலகில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் இந்த இரண்டாவது தோட்டத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

கூலிக் கணக்கு

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது அதன் ஆரம்ப விலை 3,999 வெள்ளி. அதாவது, ஒரு வாய் சோறு தின்னாமல், ஒரு காசு வீட்டுக்குக் கொடுக்காமல் சேர்த்தாலும் இரண்டு மாதச் சம்பளமும், அதற்கு மேல் ஒன்பது பத்து நாள் கூலியும் வேண்டும். பெரியவர் கையில் இருந்த அறுநூறு வெள்ளிக் கைப்பேசிக்கோ ஒன்பது பத்து நாள் கூலி போதும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆப்பிள் கருவியை விற்றுப் பிழைக்கும் நிறுவனம். கூகளுக்கு வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. அதனால்தான் ஆண்ட்ராய்டின் அடிப்படையை யார் வேண்டுமானாலும் காசின்றி எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது. ஓசி விருந்துக்கும் ஒரு விலை உண்டு அல்லவா? நாம் எதைத் தேடுகிறோம், எதைப் பார்க்கிறோம் என்ற விவரம்தான் அந்த விலை. ஆப்பிளோ 2021லிருந்து, ஒரு செயலி வேறு இடங்களிலும் நம்மைப் பின்தொடர வேண்டுமானால் நம்மிடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இந்த விஷயத்தில் ஐபோனுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடலாம்.

ஆனால், படங்களைப் பத்திரப்படுத்தி வைக்க ஆப்பிள் இலவசமாகக் கொடுக்கும் இடம் 5 ஜிபி; கூகள் கொடுப்பது 15 ஜிபி. பேரப்பிள்ளையின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் வைத்துக் கொள்ள ஆண்ட்ராய்டுக்காரருக்குத்தான் வசதி.

தமிழ் தெரிந்த கிராணி யார்?

நம்மவரில் மூத்தவர்கள் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள். அவர்களுக்குத் தமிழில் பேசும் கைப்பேசி வேண்டும். இந்த விஷயத்தில் மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன்தான் அவர். அவருடைய செல்லினம், கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப 2005ஆம் ஆண்டிலேயே வழி காட்டியது. அப்போது ஐபோனும் பிறக்கவில்லை. ஆண்ட்ராய்டுக் கைப்பேசியும் பிறக்கவில்லை!

ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013ல் கூடவே வந்தது. ஆண்ட்ராய்டில் 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, பட்டியல் முதற்கொண்டு முகப்பு முழுவதையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி சேர்ந்தது. 2017லிருந்து கூகள் விசைப்பலகையில் தமிழில் பேசினாலே எழுத்தாகும் வசதியும் வந்தது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பாட்டிகூட, "தம்பி, மருந்து வாங்கிட்டு வா" என்று சொல்லிச் செய்தி அனுப்பலாம். தமிழைப் பொறுத்தவரை ஆண்ட்ராய்டு முந்திக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். எதை வாங்குவதானாலும் கடையிலேயே மொழிப் பட்டியலைத் திறந்து, தமிழ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே காசை எடுங்கள்.

வேலியும் ஜாகாவும்

இப்போது அந்த அம்மையாரின் கதைக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தெரியாத எண். "யாராவது சொந்தக்காரங்களா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். திறக்கச் சொன்ன இடத்தில் தட்டினார். 'ஒப்புக்கொள்' என்று கேட்ட இடத்திலெல்லாம் ஒப்புக்கொண்டார். வந்தது பத்திரிகை அல்ல. ஏபிகே என்று முடியும் ஒரு செயலிக் கோப்பு. அது உள்ளே உட்கார்ந்துகொண்டு, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைத் திருடிப் படித்து, காசை வழித்தெடுத்துவிட்டது. 2023லிருந்து நம் நாட்டில் இந்தக் கல்யாணப் பத்திரிகை மோசடியைப் பற்றிப் பல தடவை எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. பத்திரிகை படிக்க நேரமில்லாதவர்களிடம்தான் அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

ஐபோனில் இது நடந்திருக்குமா? ஏபிகே கோப்பு ஐபோனில் ஏறவே ஏறாது. அந்தத் தோட்டத்துக்கு ஒரே கேட். ஆப்பிளின் ஜாகா பார்த்து அனுமதித்த செயலிதான் நம் நாட்டில் உள்ளே வரும். ஆண்ட்ராய்டிலும் பிளே ஸ்டோர் என்ற பெரிய கேட்டில் ஜாகா இருக்கிறார். ஆனால் பின்பக்க வேலியில் ஒரு படல் உண்டு. அது பூட்டித்தான் இருக்கும். 'தெரியாத செயலிகளை அனுமதி' என்று நாமாகத் திறந்துவிட்டால் மட்டுமே எவனும் நுழையலாம். சுதந்திரம் என்று சிலர் புகழ்வதும் அந்தப் படலைத்தான். நம்மைக் கவிழ்ப்பதும் அதே படல்தான்.

அதற்காக, ஐபோன் வைத்திருப்பவர் கால் நீட்டித் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். போலீஸ் என்றும், நீதிமன்றம் என்றும் பொய் சொல்லி மிரட்டிக் கணக்கு எண்ணைக் கறப்பவனுக்கு எந்தக் கைப்பேசியாக இருந்தால் என்ன? போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தால், ஆயிரம் ஜாகா இருந்தும் பயனில்லை.

வயதான கைப்பேசி

நம்மவர் கவனிக்காத இன்னொன்று கைப்பேசியின் வயது. வேலியில் ஓட்டை விழ விழ நிறுவனம் கம்பி அனுப்பி அடைக்க வேண்டும். அதற்குத்தான் 'அப்டேட்' என்று பெயர். அது நின்றுவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே கிடக்கும்.

இதில் ஐபோன் வெகுகாலம் கெட்டி. 2018ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024ல் வந்த பதிப்பு வரைக்கும் பெற்றது. மலிவான ஆண்ட்ராய்டுகளில் பலவற்றை இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிட்டதுண்டு. ஆனால் காலம் மாறி வருகிறது. கூகள் தன் பிக்சல் 8க்கு 2023லும், சாம்சுங் தன் எஸ்24க்கு 2024லும் ஏழு ஆண்டு வாக்குக் கொடுத்தன. மலிவு வரிசையில் உள்ள கேலக்ஸி ஏ16க்கே ஆறு ஆண்டு என்று சாம்சுங் அறிவித்தது. ஆகவே "எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" என்று கடைக்காரரிடம் கேட்பது நம் உரிமை. "கேமரா எத்தனை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வரலாமா?

செகண்ட் ஹேண்டு ஐபோன் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏமாறுகிறவர்களும் உண்டு. வாட்ஸ்அப் 2025ல் ஐபோன் 6க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் ஆதரவை நிறுத்தியது. ஆண்ட்ராய்டின் நான்காம் பதிப்பையும் அதே ஆண்டில் கைகழுவியது. 3ஜி அலைவரிசையை 2021 முடிவில் நாட்டில் மூடியபோது எத்தனை பழைய கைப்பேசிகள் அலமாரிக்குப் போயின என்பதை மறந்துவிட்டோமா? ஆப்பிள் பெயர் பின்னால் இருப்பதால் செத்த கைப்பேசி உயிர் பெறாது.

அதேபோல், 2019ல் அமெரிக்கத் தடைக்குப் பிறகு வந்த ஹுவாவே கைப்பேசிகளில் கூகள் சேவைகள் கூடவே வருவதில்லை. கருவி நல்ல கருவிதான். ஆனால் உங்கள் வங்கிச் செயலி அதில் ஒழுங்காக ஓடுகிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நம் தீர்ப்பு

ஆக, எது உசத்தி? கடன் படாமல் வாங்க முடிந்தவருக்கு ஐபோன் பாதுகாப்பான, நீடித்து உழைக்கும் பொருள். தவணையில் மூச்சுத் திணறி வாங்குகிறவருக்கு அது கழுத்தில் விழுந்த கயிறு. தோட்டத்துச் சம்பளத்துக்கு ஏற்றது, பல ஆண்டு அப்டேட் வாக்கு உள்ள, தமிழ் பேசும், மிதமான விலை ஆண்ட்ராய்டு; பின்பக்கப் படலை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. இதுவே நம் முடிவு.

எந்தக் கைப்பேசியானாலும் இவற்றை மனத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் செயலியையும் ஏற்றாதீர்கள். கல்யாணம் என்றால் சொந்தக்காரர் போன் போட்டுச் சொல்லட்டும். வங்கி இரகசிய எண்ணைப் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் போனில் சொல்லாதீர்கள். காசு போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே உங்கள் வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது, 2022லிருந்து இயங்குகிறது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். அந்த அம்மையாருக்கு இந்த எண் தெரிந்தது மூன்றாம் நாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தோம். சண்டை போட்ட மருமகன், தன் ஐபோனை மேசையில் வைத்துவிட்டு, அந்த அம்மையாரின் கைப்பேசியை வாங்கி, பின்பக்கப் படலை மூடிக் கொண்டிருந்தான்.

"அத்தை, இனிமே எது வந்தாலும் தட்டாதீங்க. மொதல்ல எனக்கு அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்."

மாமா ஒன்றும் பேசவில்லை. தன் கைப்பேசியையும் மெல்ல அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கும். இன்று இரவே பெரியவர்களின் கைப்பேசியை அதன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.