கேமிங் கருவிக்குப் பவர் பேங்க்: எதைப் பார்த்து வாங்குவது?

விடுமுறைப் பயணம் என்றால் பிள்ளைகள் முதலில் பையில் எடுத்து வைப்பது கையடக்கக் கேமிங் கருவியைத்தான். பாதி வழியிலேயே அதில் சார்ஜ் தீர்ந்துவிடும். போனுக்கு வாங்கிய பவர் பேங்கை மாட்டினால் சார்ஜ் ஏறுவதாகக் காட்டும். ஆனால் விளையாட விளையாட பேட்டரி அளவு இறங்கிக்கொண்டே போகும். பவர் பேங்க் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்குகிறோம். பெரும்பாலும் அதில் பழுது எதுவும் இருக்காது. அந்தக் கருவிக்கு அது போதாது, அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது வாட்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் 10,000, 20,000 எம்ஏஎச் என்பது தொட்டியின் அளவு மாதிரி. வாட் என்பது குழாயின் அளவு. தொட்டி பெரிதாக இருந்தும் குழாய் சிறிதென்றால் பயனில்லை.

ஸ்டீம் டெக் கருவியுடன் வரும் சார்ஜர் 45 வாட். ஆசுஸ் ராக் அல்லை கருவிக்கு 65 வாட். பெரிய கேம்கள் ஓடும்போது இவை 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். 10 வாட் தரும் பவர் பேங்க் இதற்கு ஈடுகொடுக்காது. முதல் தலைமுறை நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு 20 வாட் அளவே போதும்.

'பவர் டெலிவரி' வசதி உள்ள யூஎஸ்பி-சி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். '65 வாட்' என்பது எல்லாப் போர்ட்களுக்கும் சேர்த்துச் சொல்லும் கணக்காக இருக்கலாம். ஒரு போர்ட்டில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். கேபிளின் இரு முனையும் சி வகையாக இருக்க வேண்டும்.

எத்தனை முறை சார்ஜ் ஏறும்?

இதற்கு 'வாட் அவர்' கணக்கு உதவும். எம்ஏஎச் எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வாட் அவர் கிடைக்கும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் அவர். மின்னழுத்தம் மாறும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகும் என்பதால், மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 50 வாட் அவர்தான் கருவிக்குப் போய்ச் சேரும்.

தொடக்கத்தில் வந்த ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட் அவர். அதற்கு ஒரு முறைக்குச் சற்று அதிகமாக ஏறும். ஸ்விட்ச்சின் பேட்டரி 16 வாட் அவர்தான். அதற்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்கே ஒன்றரை முறை தாங்கும்.

விமானத்தில் செல்வோர் கவனத்துக்கு

பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட் அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 27,000 எம்ஏஎச் இந்த 100 வாட் அவர் வரம்புக்குள் வரும். 30,000 என்றால் 111 வாட் அவர். அதைப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்க நேரிடலாம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை விதித்துள்ளன. எமிரேட்ஸில் ஒருவருக்கு ஒன்று மட்டுமே அனுமதி. ஆகவே வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் குடும்பங்கள், விமானம் ஏறும் முன்பே கருவியை முழுமையாக சார்ஜ் செய்துவிடுவது நல்லது.

மலிவு விலையில் ஏமாற வேண்டாம்

லித்தியம் பேட்டரி தரமில்லாமல் இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இந்தியாவில் விற்கப்படும் பவர் பேங்குக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். அந்த முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். உப்பிய பவர் பேங்கை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் வைத்து சார்ஜ் செய்ய பிள்ளைகளை விடாதீர்கள்.

கடைக்குப் போகும் முன் கருவியின் சார்ஜரைத் திருப்பி, அதில் எத்தனை வாட் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் எண் கையில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.